உனக்குப் பதினொரு நாள், எனக்குப் பதினெட்டு வருடம்

சரவணா,

நீ டிவியில் வந்ததைப் பார்க்கவில்லை என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். பார்த்தேன். பக்கத்து வீட்டு மேரி அக்கா முதலில் தன் போனில் காட்டினாள், பிறகு எனக்கும் அனுப்பி வைத்தாள். நீ கூப்பிட்ட நேரத்தில்கூட அதைத்தான் ஏழாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "டேட்டா முடிஞ்சிருச்சுப்பா, அப்புறம் பாக்குறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீயும் அதை நம்பி, "சரிம்மா, நான் டாப்-அப் போட்டு விடுறேன்" என்றாய். சொன்ன மாதிரியே அன்று மாலை டாப்-அப் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. பொய் சொன்னவளுக்குப் பரிசு கொடுத்தால் வேறு என்ன வரும்? போனில் பேசினால் மறுபடியும் பொய்தான் சொல்வேன் என்று தெரிந்ததால், உன் பழைய பள்ளி நோட்டில் மிச்சம் கிடந்த தாள்களில் இதை எழுதுகிறேன். நீ மட்டும் படித்தால் போதாது. மோகன் அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு. அவர்கள் கண்ணால் படிக்க முடியாது என்பதற்காக உன் அம்மாவின் புத்தியைத் தெரிந்துகொள்ளாமல் போய்விடக் கூடாது.

அந்த வீடியோவில் என்ன இருந்தது என்று உனக்கே சொல்கிறேன், நான் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியட்டும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற பெரிய சாலை. காலை எட்டு மணி, எல்லோரும் வேலைக்கு ஓடுகிற நேரம். கண் தெரியாதவர்கள் கடப்பதற்கு அங்கே 'டொக் டொக்' என்று சத்தம் போடும் டிராஃபிக் லைட் இருந்ததாம், பல மாதமாக ஊமையாகிக் கிடந்ததாம். நாற்பது பேர் வெள்ளைக் கம்பை நீட்டிக்கொண்டு வரிசையாகச் சாலையைக் கடக்கிறார்கள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பி, மறுபடியும் இந்தப் பக்கம் வருகிறார்கள். கோஷம் இல்லை, சண்டை இல்லை, சும்மா கடக்கிறார்கள். கார்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் நிற்கின்றன. முன்னால் மசாஜ் கடை மோகன் அண்ணன். அவர் தோளில் கை வைத்தபடி நீ. உன் இன்னொரு கையில் மைக். "பாஸ், ரெண்டே நிமிஷம் லா, நாங்க தினமும் இப்படித்தான் நிக்கிறோம்" என்று ஒரு கார்க்காரரிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறாய். நீங்கள் கடக்க ஆரம்பித்த பதினோராவது நாள் புது லைட் வந்துவிட்டது. அதன் பக்கத்தில் நின்று ஓர் அதிகாரி படம் எடுத்துக்கொண்டார்.

பெற்ற வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கு எரிந்தது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது சரவணா, எனக்கு உன் மேல் பொறாமை. மேரி அக்கா, "உம் மவன் ஹீரோ மாதிரி இருக்கான்" என்றாள். "முடி வெட்டிக்கிட்டா இன்னும் நல்லா இருப்பான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து காய்ந்த துணிகளை மடித்தேன். மடித்ததையே கலைத்து மறுபடியும் மடித்தேன்.

உன் மனைவி ஷாமினிக்கு முழுக்கதையும் தெரியாது, அவளுக்காகச் சொல்கிறேன். ஜெஞ்சாரோமில் நம் தமிழ்ப்பள்ளியின் கேன்டீனை இருபத்திரண்டு வருடம் நடத்தினேன். பள்ளி ஒரு பக்கம், நம் தாமான் குடியிருப்பு வீடுகள் மறு பக்கம், நடுவில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் எண்ணெய் மில்லுக்குப் போகிற சாலை. அந்த லோரிகளில் ஒன்றை ஓட்டியவர் உன் அப்பாதான். பள்ளி வாசலில் வேகத்தைக் குறைத்து எனக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போவார். மற்றவர்கள் குறைப்பதில்லை. தினமும் காலையில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி வைத்துவிட்டு, கேன்டீனின் சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டுக்குப் போவேன். நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் நின்று கையை நீட்டினால் லோரி நிற்கும். பிள்ளைகள் கடப்பார்கள். கேன்டீனை விட்ட பிறகும் அதை விடவில்லை. அந்த இடத்துக்கு ஒரு டிராஃபிக் லைட் வேண்டும் என்று நான் முதல் மனு எழுதியபோது நீ இடைநிலைப்பள்ளியில் இருந்தாய். மலாய் மொழியில் பிழை திருத்திக் கொடுத்ததே நீதான். அன்றிலிருந்து பதினெட்டு வருடம். உனக்குப் பதினொரு நாள்.

மனுவை எங்கே கொடுப்பது என்பதே பெரிய கதை. இந்தச் சாலை ஊராட்சியுடையதா, மாநிலத்துடையதா, நாட்டுடையதா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். பந்திங்கில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால் ஷா ஆலாமுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தைச் சொன்னார்கள். கிள்ளான் வரை பஸ், அங்கிருந்து ரயில், வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தால் அந்த அலுவலகம் புத்ராஜெயாவுக்கு மாறிப் போயிருந்தது. நான் ஒருத்தி புலம்பியதைக் கேட்டு நீ சிரித்தாய். அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்க ஆரம்பித்திருந்தாய், எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பாய். "அம்மா, தலைநகரம்னா சும்மா ஒரு எடம்னு நெனக்காதீங்க, அதுக்கும் காலு இருக்கு" என்றாய். ஒரு காலத்தில் சிலாங்கூருக்குக் கிள்ளான்தான் தலைநகரமாம். ஈயம் எங்கே கிடைத்ததோ, பணம் எங்கே புரண்டதோ, அங்கே போய் உட்கார வேண்டுமென்று வெள்ளைக்காரன் சேற்று ஆற்றோரம் இருந்த கோலாலம்பூருக்கு அதை மாற்றினானாம். அவன் கட்டடங்களுக்குச் செங்கல் சுட்ட பிரிக்பீல்ட்ஸில்தான் இன்றைக்கு உன் வீடு இருக்கிறது. சுதந்திரக் கொடியை ஏற்றியதும் கோலாலம்பூரில்தான். பிறகு கோலாலம்பூரைச் சிலாங்கூரிலிருந்து பிரித்தார்கள், மாநிலத்துக்கு ஷா ஆலாம் வந்தது, நாட்டின் அலுவலகங்களுக்குப் புத்ராஜெயா வந்தது.

நீ சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பாரிஸ் கதை. ரொட்டி கிடைக்காத பெண்கள் மழையில் நடந்தே ராஜாவின் அரண்மனைக்குப் போனார்களாம். அரண்மனை நகரத்துக்கு வெளியே இருந்ததாம். ராஜாவையும் ராணியையும் வண்டியில் ஏற்றி நகரத்துக்குள்ளேயே கூட்டி வந்துவிட்டார்களாம். "பக்கத்துல இருந்தாத்தான் பயம் இருக்கும்மா. அதான் ஆளுறவங்க பாதிப் பேரு பெரிய ஊரை விட்டுத் தள்ளி உக்காரப் பாப்பாங்க, மீதிப் பேரு பெரிய ஊரைக் கையில வச்சிருக்கப் பாப்பாங்க" என்றாய். அன்று அதைக் கேட்டு உன்னைப் பெருமையாகப் பார்த்தேன். இப்போது யோசிக்கும்போது, அந்தப் பெண்களின் மேலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கு ராஜா எந்த வீட்டில் இருக்கிறான் என்றாவது தெரிந்திருந்தது. என் ராஜா எந்தக் கவுண்டரில் இருக்கிறார் என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

இனிமேல் எழுதப் போவது உனக்கும் முழுதாகத் தெரியாது. நம் பள்ளிப் பிள்ளை தர்ஷினியை லோரி தட்டிய அன்று நான் ஊரில் இல்லை என்பது உனக்குத் தெரியும். எங்கே இருந்தேன் என்று உன்னிடம் சொன்னதில்லை, ஏதோ உறவுக்காரர் வீடு என்று மழுப்பினேன். நான் புத்ராஜெயாவில், குளிரூட்டிய ஓர் அறையில், மடியில் மனுவை வைத்துக்கொண்டு என் எண் வருவதற்காகக் காத்திருந்தேன். அன்றைக்குப் பள்ளி உண்டு. முந்தின நாளே யாரிடமாவது நாற்காலியைப் பிடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். கவுண்டரில் இருந்த மலாய் இளைஞர், ஆன்டி என்கிற மாதிரி 'மக்சிக்' என்று மரியாதையாகத்தான் பேசினார். "மக்சிக், இந்த ரோடு எங்க லிஸ்ட்ல இல்லயே" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக்கூடக் காட்டினார். அப்போதுதான் மேரி அக்காவின் போன் வந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். காலில் இரும்புத் தகடு வைத்தார்கள். இப்போது பந்திங்கில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்கிறாள், என்னைப் பார்த்தால் "ஆன்டி, சாப்பிட்டீங்களா?" என்று விந்தி விந்தி வந்து கேட்கிறாள். அந்தச் சாலையில் ஒரு லைட் கேட்பதற்காகப் பெரிய ஊருக்குப் போனேன், போன நேரத்தில் அந்தச் சாலையில் ஆள் இல்லை. பெரிய ஊர் என்றாலே எனக்கு ஏன் முகம் சுருங்குகிறது என்று நீ அடிக்கடி கேட்பாயே, இதுதான் காரணம்.

அதற்குப் பிறகு மனுவை விட்டுவிட்டு ஓட்டுப் போடுவதைப் பிடித்துக்கொண்டேன். உனக்கு இருபத்தொன்று ஆனதும் தபால் நிலையத்துக்குக் கூட்டிப் போய் நம் வீட்டு முகவரியில் வாக்காளராகப் பதிய வைத்தது நான்தான். அதன் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் நீ வந்தே ஆக வேண்டும். கோலாலம்பூரில் வேலை செய்கிற பாதிப் பேர் ஓட்டுப் போட ஊருக்குத்தானே போகிறார்கள், நெடுஞ்சாலையே நகராது, என் பிள்ளை மட்டும் என்ன உசத்தி? ஓட்டுச் சாவடிக்கு வெளியே கட்சிக்காரர்கள் போடும் கூடாரத்தில் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் அடையாள அட்டையை, அந்த ஐசியை நீட்டினால் வரிசை எண்ணைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பேன். நம் வீட்டு மூன்று எண்களும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். அப்பா, நான், நீ. அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருப்பேன்.

அந்த ஒரு தடவை நீ வர முடியாது என்றாய். வேலை நாளில் தேர்தல் வந்தது. மறுநாள் காலையில் உனக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகம், அதற்குத் தயார் செய்ய வேண்டும் என்றாய். "ஒரு ஓட்டுல என்னம்மா ஆயிரப் போவுது?" என்று நீ கேட்டது எனக்குச் சுருக்கென்று இருந்தது. கால் வீங்கிவிட்டது, நடக்க முடியவில்லை, வா என்று சொன்னேன். நீ பதறியடித்துக்கொண்டு வந்து பார்த்தபோது நான் கூடாரத்தில் நின்றுகொண்டு எல்லோருக்கும் தண்ணீர் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ என் காலைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். பிறகு ஐசியை நீட்டினாய். நான் எண்ணை எழுதிக் கொடுத்தேன், ஏதோ அறிமுகமில்லாத ஆளுக்குக் கொடுக்கிற மாதிரி. ஓட்டுப் போட்டுவிட்டு மையிட்ட விரலோடு வெளியே வந்தாய். அப்பா சாப்பிடக் கூப்பிட்டார். "வேணாம்பா, ஜாம் ஆயிரும்" என்று கிளம்பினாய். நடுவழியில் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டு, தூக்கம் இல்லாமல் நேர்முகத்துக்குப் போனாய் என்றும், அந்த வேலை வேறு ஒருத்தருக்குப் போனது என்றும் அப்பா பிறகு சொன்னார். நான் கூடாரத்தில் உட்கார்ந்து உழைத்த வேட்பாளர் ஜெயித்தார். நன்றி சொல்ல லவுட் ஸ்பீக்கரோடு நம் தெருவில் ஒரு முறை வந்தார். லைட் வரவில்லை. உன்னிடம் நான் மன்னிப்பு கேட்கவும் இல்லை. இப்போது கேட்கிறேன்.

போன மாதம் சும்மா போனில் தேர்தல் ஆணையத்தின் பக்கத்தில் உன் ஐசி எண்ணைத் தட்டிப் பார்த்தேன். உன் எண் எனக்கு மனப்பாடம், என் எண்ணுக்குத்தான் தடுமாறுவேன். வாக்களிக்கும் இடம் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் ஏதோ ஒரு பள்ளி என்று வந்தது. தப்பாகத் தட்டிவிட்டேன் என்று மூன்று முறை தட்டினேன். நீ மாற்றிவிட்டாய். சொல்லாமல் மாற்றியதைத்தான் தாங்க முடியவில்லை. அப்பா போன பிறகு நம் வீட்டில் இரண்டு ஓட்டு இருந்தது, இப்போது ஒன்று. உனக்குக் கல்யாணம் ஆனபோதுகூட நான் அப்படி அழவில்லை, ஷாமினி தப்பாக நினைக்க வேண்டாம். அவளோடு எனக்குச் சண்டையே இல்லை. அவளுக்கு முன்னாலேயே அந்த ஊர் என் மூத்த மருமகளாக வந்துவிட்டது. உன்னை அவள்தான் முதலில் கூட்டிப் போனாள், என்னைக் கேட்காமல்.

பிறகு கொஞ்சம் அற்பத்தனமாக ஒரு சந்தோஷம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எனக்குச் சட்டமன்றத்துக்கு ஒன்று, நாடாளுமன்றத்துக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டு. கோலாலம்பூர்க்காரனான உனக்கு நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான். உங்கள் மேயரைக்கூட நீங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, மேலேயிருந்து நியமிக்கிறார்கள். அவ்வளவு பெரிய ஊர், அத்தனை கட்டடம், கையில் ஒரே ஒரு சீட்டு. என் பிள்ளை ஏமாந்துவிட்டான் என்று மேரி அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அடுத்த வாரமே உன் வீடியோ வந்தது. என் சிரிப்பு நின்றுவிட்டது. என் இரண்டு ஓட்டுகளும் பதினெட்டு வருடமாகச் செய்யாததை, நீ ஓட்டே இல்லாமல், காலை எட்டு மணிக்கு ஒரு சாலையைக் குறுக்கே கடந்து செய்துவிட்டாய்.

ஏழு தடவை பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. நீ கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ பேசிய பேச்சில் நான் பேசாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. நீ நின்ற இடம்தான் வேறு. உன் பின்னால் ஸ்டேஷன், கேமரா, வெளிநாட்டுக்காரர்கள், வேலைக்குப் போகிற பெரிய மனிதர்கள். அங்கே நாற்பது பேர் நின்றால் நாட்டுக்கே செய்தி. இங்கே நாற்பது பேர் நின்றால் யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்பார்கள். நீ படித்த அத்தனை நகரங்களும் இப்படித்தான் பலத்தைச் சேர்த்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளை வரவழைத்து, அவர்கள் குரலைத் தங்கள் குரலாக்கிக்கொண்டு. இனி யாராவது உன்னை மெச்சினால், பாதியை நீ எடுத்துக்கொள், பாதியை அந்த இடத்துக்குக் கொடு. தலைக்கு ஏறாமல் இருக்கும்.

நீ என்னை அங்கேயே வந்துவிடச் சொல்கிறாய். லிப்ட் இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கம், கோயில் பக்கம் என்கிறாய். என் முட்டி போய்விட்டது என்பது உண்மைதான், இந்தத் தடவை பொய் இல்லை. போன திங்கட்கிழமை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடுரோடு வரை போனேன், திரும்பி வர முடியவில்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பக்கமும் லோரிகள் நின்றன. ஒரு டிரைவர் இறங்கி வந்து, "பாட்டி, என்னா இது, ரோட்டுல ஒக்காந்துக்கிட்டு" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். ஆன்டி என்றுகூடச் சொல்லவில்லை. பிள்ளைகள் எல்லோரும் கடந்து முடிந்த பிறகுதான் எழுந்தேன், அதில் மட்டும் எனக்குத் திருப்தி. இனிமேல் என்னால் முடியாது. நான் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டால் அந்தச் சாலையில் மறுபடியும் ஆள் இருக்காது. ஒரு முறை அப்படி விட்டுவிட்டுப் போனவள் நான். அதனால் லைட் வராமல் நான் வரமாட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், எழுதிக்கொள். பள்ளி விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை, காலை ஏழு மணி, நம் பள்ளி வாசல். மோகன் அண்ணனையும் அவர் ஆட்களையும் வேனில் கூட்டி வா. உனக்குத் தெரிந்த கேமராக்காரர்கள் எல்லோரையும் கூட்டி வா, ஜெஞ்சாரோம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் லோக்கேஷன் அனுப்பு. உன் ஊரிலிருந்து என்னவெல்லாம் அள்ளி வர முடியுமோ அள்ளி வா. பத்து வருடம் என் பிள்ளையை வைத்திருந்த ஊர், ஒரு காலைப்பொழுதைத் திருப்பிக் கொடுக்கட்டும். தர்ஷினி விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். எல்லோருக்கும் நாசி லெமாக் நான் கட்டி வைக்கிறேன். ரோட்டின் நடுவில் சிவப்பு நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வை. மோகன் அண்ணனும் மற்றவர்களும் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடக்கட்டும். நீ லோரிக்காரர்களிடம் போய், "ரெண்டே நிமிஷம் லா" என்று சிரித்துக்கொண்டு சொல், அது உனக்கு நன்றாக வருகிறது.

ஆனால் மைக்கை நீ தொடக் கூடாது. அதை என் கையில் கொடுத்துவிட்டு, கேமராவில் விழாத தூரத்தில் போய் நில்.

அம்மா